குரோமியச் சரும அழற்சி

குரோமியச் சரும அழற்சி என்பது குரோமியம் என்னும் உலோகத்தின் சேர்மங்கள் சருமத்தில் மீண்டும் மீண்டும் படுவதால் உண்டாகும் ஒவ்வாமை நோய் ஆகும். புறங்கை, மணிக்கட்டு, முன்கை, பாதத்தின் மேற்புறம் ஆகிய இடங்களில் அரிப்புடன் கூடிய சிறுசிறு புடைப்புகளாக இது தொடங்குகின்றது. நாளடைவில் அவ்விடம் தடித்து, சொரசொரப்பாகி, வெடிப்பு விடுகின்றது. மக்கள் வழக்கில் இதனைக் கரப்பான் என்றும், சில வேளைகளில் சொறி என்றும் கூறுவர். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அன்று.

சிமெண்டுக் கலவையைக் கையாளும் கட்டடத் தொழிலாளர், குரோமிய முலாம் பூசுவோர், தோல் பதனிடுவோர், தோற்காலணி அணிவோர் ஆகியோரிடம் இந்நோய் உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் பாலாற்றுப் பகுதியில் அமைந்த இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் பதனிடலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர் பெற்றவை. முன்பு ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள், 2019 இல் ஏற்பட்ட பிரிவினைக்குப் பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. குரோமியத்தைக் கையால் தொட்டு வேலை செய்வோர் இப்பகுதியில் மிகுதி என்பதால், கையில் தோன்றும் சொரசொரப்பான புடைப்பு இங்கே ஒருவரது பிழைப்பைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகின்றது.

தமிழில் மனித உடலின் மேலுறைக்கும், பதனிடப்படும் விலங்கின் உரிக்கும் தோல் என்னும் ஒரே சொல்லே வழங்குகின்றது. குழப்பம் தவிர்க்கும் பொருட்டு, இக்கட்டுரையில் முன்னது சருமம் எனவும் பின்னது தோல் எனவும் குறிக்கப்படுகின்றன.

தோல் பதனிடலில் குரோமியம்

பச்சைத் தோல் அப்படியே விடப்பட்டால் அழுகிவிடும். அதிலுள்ள கொல்லாசன் என்னும் புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாத பொருளாக மாற்றுவதே பதனிடல் ஆகும். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருட்களே இதற்குப் பயன்பட்டன. இம்முறையில் வேலை முடியப் பல வாரங்கள் ஆகும்.

குரோமிய உப்புகளாலும் தோலைப் பதனிட முடியும் என்பதை 1858 இல் செருமானிய வேதியியலாளர் பிரீட்ரிச் நாப் கண்டறிந்தார். 1884 இல் அமெரிக்காவில் அகசுட்டசு சூல்ட்சு என்பவர் இதனைத் தொழில்முறையாக ஆக்கிக் காப்புரிமை பெற்றார். சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியப் பதனிடலை அறிமுகப்படுத்த முயற்சிகள் மேற்கொண்டார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரை அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்தே பெற்றது. ஆயினும் பாலாற்றுப் பகுதியில் இம்முறை பெருமளவில் பரவியது 1970களில்தான். பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு அக்காலத்தில் கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலையும் தோற்பொருட்களையும் ஊக்குவித்தது. வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் ஒரு நாளுக்குள் முடித்துத் தந்தது. அவ்வாறு பதனிட்ட தோல் மென்மையாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் இருந்தமையால் காலணி மேற்பகுதிக்கு மிகவும் ஏற்றதாயிற்று.

இன்றைய பதனிடலில் பச்சைத் தோல் முதலில் நீரில் ஊறவைக்கப்படுகின்றது. பின்னர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் இடப்பட்டு மயிர் நீக்கப்படுகின்றது. சவ்வும் கொழுப்பும் களையப்பட்ட பின் உப்பும் கந்தக அமிலமும் சேர்த்துத் தோல் அமிலத்தன்மை ஆக்கப்படுகின்றது. அதன்பின் சுழலும் பெரிய மர டிரம்களில் குரோமியம் சல்பேட்டுடன் சேர்த்து உருட்டப்படுகின்றது. டிரம்மிலிருந்து வெளிவரும் ஈரமான தோல் வெளிர்நீல நிறமாக இருக்கும். தொழிலில் இதற்கு வெட் புளூ என்று பெயர். இதன் பின்னரே பிழிதல், சீவுதல், சாயமேற்றல், எண்ணெய் ஊட்டல், உலர்த்தல் ஆகிய வேலைகள் நடைபெறுகின்றன. டிரம்மிலிருந்து தோலை இறக்குவோர், பிழியும் எந்திரத்தில் கொடுப்போர், சீவும் எந்திரத்தில் நிற்போர் ஆகியோரின் கைகளிலேயே குரோமிய நீர் அதிகம் படுகின்றது.

நோய் உண்டாகும் முறை

குரோமியம் இயற்கையிலும் தொழிலிலும் முதன்மையாக இரண்டு வடிவங்களில் காணப்படுகின்றது. ஒன்று மூவிணைதிறக் குரோமியம். மற்றொன்று அறுவிணைதிறக் குரோமியம். பதனிடலில் பயன்படும் குரோமியம் சல்பேட்டு முதல் வகையைச் சார்ந்தது. டைகுரோமேட்டு உப்புகளும், ஈரச் சிமெண்டில் சிறு அளவில் கலந்திருப்பதும் இரண்டாம் வகை.

மூவிணைதிறக் குரோமியம் புரதங்களுடன் உடனே ஒட்டிக்கொள்ளும். தோலைப் பதனிட அது பயன்படுவதும் இப்பண்பினால்தான். எனவே அது சருமத்தின் மேலடுக்கிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றது. அறுவிணைதிறக் குரோமியமோ எளிதில் ஒட்டாமல் உள்ளே ஊடுருவிச் செல்கின்றது. உள்ளே சென்றபின் அது மூவிணைதிற வடிவமாக மாறி, உடலின் புரதங்களுடன் பிணைகின்றது. இவ்வாறு மாற்றமடைந்த புரதத்தை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அந்நியப் பொருளாகக் கருதி நினைவில் பதித்துக்கொள்கின்றது. அடுத்த முறை குரோமியம் படும்போது, நினைவு கொண்ட வெள்ளணுக்கள் அவ்விடத்தில் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. இவ்வகை ஒவ்வாமை உடனே தோன்றாது. தொட்டபின் ஓரிரு நாட்கள் கழித்தே அரிப்பும் புடைப்பும் வெளிப்படும். இன்று வந்த அரிப்புக்கு நேற்றோ அதற்கு முந்தைய நாளோ தொட்ட பொருள் காரணமாயிருக்கும் என்பதால், தொழிலாளர் பலர் காரணத்தை உணவிலோ வெயிலிலோ தேடுகின்றனர்.

மூவிணைதிற வகை தீங்கற்றது என்று இதிலிருந்து முடிவு செய்வது பிழையாகும். செறிவு மிகுந்தாலோ, சருமம் ஏற்கனவே புண்பட்டிருந்தாலோ அதுவும் உள்ளே நுழையும். பதனிடும் இடத்தில் சருமம் புண்படுவதற்குக் குறைவில்லை. சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் விலங்கின் மயிரைக் கரைக்கவே இடப்படுகின்றன. மயிரில் உள்ள அதே கெரட்டின் என்னும் புரதமே மனித சருமத்தின் காப்புறையாகவும் உள்ளது. மயிரைக் கரைக்கும் நீர் கையையும் அரிக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அடுத்து உப்பும் அமிலமும், நாள் முழுவதும் நீங்காத ஈரமும் சேரும்போது காப்புறை சிதைந்து குரோமியத்திற்கு வழி திறக்கின்றது.

ஒவ்வாமை ஏற்படும் காலம் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குச் சில வாரங்களிலும், சிலருக்குப் பல ஆண்டுகள் நோயின்றி வேலை செய்த பின்னரும் தொடங்கும். பத்து ஆண்டுகளாக இதையே தொட்டு வருகிறேன், ஒன்றும் ஆனதில்லை என்று தொழிலாளர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம்; பதினோராம் ஆண்டில் வருவதற்கு அது தடையன்று. ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்.

அறிகுறிகள்

தொடக்கத்தில் குண்டூசித் தலை அளவிலான சிவந்த புடைப்புகள் கூட்டமாகத் தோன்றும். அவற்றுள் சில நீர் கோத்து, உடைந்து, பொருக்குக் கட்டும். கருநிறச் சருமத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. சாம்பல் கலந்த கருமையாகவோ ஊதா நிறமாகவோ தோன்றும். கடும் அரிப்பு உண்டு. சொறியச் சொறியச் சருமம் தடித்து, கோடுகள் ஆழமாகி, மரப்பட்டை போல ஆகின்றது. விரல் மூட்டுகளில் வெடிப்பு ஏற்பட்டு, உப்பு நீர் பட்டால் தாங்க முடியாத எரிச்சலைத் தரும். இந்நிலையில் உள்ள ஒருவரால் ஈரத் தோலைப் பிடித்து இழுக்க இயலாது.

வேலையோடு நோய் கூடிக் குறைவது முக்கியமான குறிப்பாகும். நீண்ட விடுமுறையில் ஊருக்குச் சென்றால் சருமம் தேறுவதும், திரும்பி வந்து சில நாட்களில் மீண்டும் புடைப்பதும் தொழில்வழி நோயைச் சுட்டும். ஆயினும் நோய் முற்றிய பின் இவ்வேறுபாடு மங்கிவிடுகின்றது. வேலையை விட்டு ஆண்டுகள் ஆன பின்னும் சிலருக்கு அழற்சி நீடிப்பதுண்டு.

குரோமியப் புண்

ஒவ்வாமையிலிருந்து வேறானது குரோமியப் புண். அறுவிணைதிறக் குரோமியம் சருமத்தை நேரடியாக அரிப்பதால் இது உண்டாகின்றது. நகத்தின் அடி, விரல் மூட்டு, விரலிடுக்கு ஆகிய இடங்களில் சிறு கீறல் வழியே தொடங்கி, துளையிட்டாற்போல வட்டமாகவும் ஆழமாகவும் அமையும். விளிம்பு தடித்திருக்கும். வலி மிகக் குறைவு என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. கிளாசுக்கோ நகரின் சாயத் தொழிலாளர்களிடம் இதனை 1827 இல் வில்லியம் கியூமின் என்னும் மருத்துவர் விவரித்தார். ஆவியையும் தூசியையும் மூச்சில் இழுப்போருக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவதும் உண்டு.

குரோமியம் சல்பேட்டை ஆயத்தமாக வாங்கிப் பயன்படுத்தும் இன்றைய பதனிடல் ஆலைகளில் இப்புண் அரிது. டைகுரோமேட்டைத் தயாரிக்கும் அல்லது கையாளும் இடங்களிலேயே இது மிகுதி. இராணிப்பேட்டையில் குரோமேட்டு உப்புகளைத் தயாரித்த ஆலையொன்று 1990களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற, ஒரு இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதால் அவ்வூர் பெரிதும் பேசப்பட்டது.

ஒத்த தோற்றமுடைய பிற நிலைகள்

சருமத்தில் சொரசொரப்பாகத் தோன்றும் எல்லாப் புடைப்புகளும் குரோமியத்தால் வந்தவை அல்ல. பிழையாக இனங்காணப்பட்டால், தேவையற்ற மருந்தும் தேவையற்ற அச்சமும் விளையும்.

மிகப் பரவலானது மயிர்க்கால் தடிப்பு ஆகும். மேற்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக, மயிர்க்காலுக்கு ஒன்றாகப் புடைப்புகள் இருக்கும். அரிப்பு அநேகமாக இராது. குடும்பவழி வருவது, வளரிளம் பருவத்தில் மிகுந்து, வயது ஏற ஏறக் குறையும். தீங்கற்றது. யூரியா கலந்த களிம்பு போன்றவை சொரசொரப்பைக் குறைக்குமே தவிர முற்றாக நீக்கா.

முழங்கையிலும் முழங்காலிலும் கூம்பு வடிவில், நடுவே கெட்டியான முளையுடன் புடைப்புகள் இருந்தால் அது தவளைத் தோல் எனப்படும் ஊட்டக்குறை நோயாக இருக்கலாம். சிறுவர்களிடம் அதிகம் காணப்படுவது. 1933 இல் இலூசியசு நிக்கல்சு இதனை விவரித்தபோது உயிர்ச்சத்து ஏ குறைவே காரணம் எனக் கருதப்பட்டது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தார் தென்னிந்தியப் பள்ளிச் சிறுவர்களிடம் இதனை ஆராய்ந்தனர். பின்னர் வந்த ஆய்வுகள் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள், பி தொகுதி உயிர்ச்சத்துகள், உயிர்ச்சத்து ஈ ஆகியவற்றின் குறைவையும் காரணங்களாகச் சேர்த்தன.

மரு வைரசால் உண்டாவது. கெட்டியாக, தனித்தனியாக, மேலே சிறு கரும்புள்ளிகளுடன் இருக்கும். எப்போதும் ஈரமாக இருக்கும் கைகளில் எளிதில் பரவும். இறைச்சி வெட்டுவோரிடம் ஒரு தனி வகை வைரசு மருவை உண்டாக்குவது அறியப்பட்டுள்ளது. சொறி சிரங்கில் இரவு அரிப்பு மிகும், விரலிடுக்குகள் முதலில் பாதிக்கப்படும், வீட்டில் பிறருக்கும் அரிப்பு இருக்கும். இவ்வடையாளம் ஒன்றே அதனைக் குரோமிய அழற்சியிலிருந்து பிரிக்கப் பெரும்பாலும் போதுமானது.

உணர்ச்சியற்ற தடிப்போ தேமலோ இருந்தால் தொழுநோய்க்கான சோதனை தேவை. வேலூர்ப் பகுதி முன்பு தொழுநோய் மிகுந்திருந்த பகுதி. 1955 இல் தொடங்கப்பட்ட கரிகிரி சீபெலின் நிலையம் அதன் பொருட்டே உருவானது. குரோமிய அழற்சியில் அரிப்பு மிகுமே ஒழிய உணர்வு மறைவதில்லை.

நோயறிதல்

ஒவ்வாமையை உறுதி செய்யும் வழி ஒட்டுச் சோதனை ஆகும். பொட்டாசியம் டைகுரோமேட்டு 0.5 விழுக்காடு கலந்த களிம்பைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவர். இரண்டு நாட்கள் கழித்து வில்லையை அகற்றி, மேலும் ஓரிரு நாட்கள் கழித்து மீண்டும் பார்ப்பர். ஒட்டிய இடத்தில் புடைப்பும் சிவப்பும் தோன்றினால் ஒவ்வாமை உண்டு என்று பொருள். அதே நேரத்தில் சாயம், இரப்பர் வேதிப்பொருட்கள், காலணிப் பசை, தோலைப் பூஞ்சணத்திலிருந்து காக்கும் மருந்துகள் ஆகியவற்றுக்கும் சோதனை செய்வது வழக்கம். ஏனெனில் கையுறையின் இரப்பரே ஒவ்வாமையாக இருந்தால், குரோமியத்திலிருந்து தப்ப அணிந்த கையுறை நோயை வளர்க்கும். சோதனையின்போது முதுகில் நீர் படக்கூடாது என்பதும் வியர்வை வரும் வேலை கூடாது என்பதும் தினக்கூலிக்காரர்களுக்கு இதனைக் கடினமாக்குகின்றன.

பராமரிப்பு

முதன்மையான மருத்துவம் குரோமியத்தைத் தொடாமலிருப்பதே ஆகும். களிம்புகள் அழற்சியைத் தணிக்கும், ஒவ்வாமையை நீக்கா.

அழற்சி உள்ள கையைத் தண்ணீரிலும் மென்மையான சோப்பாலும் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுவது காப்புறையை மீட்க உதவும். நீர் வடியும் நிலையில் குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியைப் போட்டு எடுக்கலாம். கறையைப் போக்க மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர், துணி சோடா ஆகியவற்றால் கை கழுவும் வழக்கம் மிகவும் தீங்கானது. மருவுக்கு இடும் சாலிசிலிக் அமிலக் களிம்பை இதற்கு இடக்கூடாது. அழற்சி உள்ள இடத்தை அது மேலும் புண்ணாக்கும்.

ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் கூறும் வலிமையில், கூறும் நாட்கள் மட்டும் பயன்படுத்தத் தக்கவை. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் தடவினால் சருமம் மெலிந்து, குரோமியம் முன்னிலும் எளிதாக உள்ளே நுழையும். பூஞ்சைப் படையாக இருந்தால் உருவம் மாறிப் பரவவும் செய்யும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதை இந்திய அரசு 2018 இல் கட்டுப்படுத்தியது. காய்ச்சல், சீழ், கை முழுதும் வீக்கம் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

வேலையிடத்தில் நைட்ரில் அல்லது பிவிசியாலான நீண்ட கையுறை, உள்ளே பருத்திக் கையுறை, இரப்பர் காலுறைச் செருப்பு, முன்தானைக் கவசம் ஆகியவை பயனளிக்கும். கிழிந்த கையுறை, கையுறையே இல்லாததைவிடக் கெடுதலாக அமையலாம். உள்ளே புகுந்த குரோமிய நீர் வெளியேற வழியின்றி நாள் முழுதும் கையிலேயே தங்கிவிடுகின்றது. ஒவ்வாமை உள்ளவர் தோற்கையுறையைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை எனத் தோன்றலாம். ஆயினும் அதனை அணிவோர் பலர். கைக்கடிகார வார், இடைவார், பணப்பை ஆகியவையும் கணக்கில் சேரும்.

எல்லோராலும் வேலையை விட முடியாது. டிரம் வேலையிலிருந்து, உலர்ந்த பகுதிகளில் பொதி கட்டுதல், கணக்கெடுத்தல் போன்ற வேலைக்கு மாற்றப்படுவது நடைமுறைக்கு உகந்த வழி. ஒப்பந்தக்காரர் மூலம் வரும் நாட்கூலியாளருக்கு இத்தகைய மாற்றம் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் நோயை மறைத்துத் தொடர்ந்து வேலை செய்வதும், நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுவதும் நேர்கின்றன.

காலணியும் அறுவிணைதிறக் குரோமியமும்

பதனிடும்போது சேர்த்தது மூவிணைதிறக் குரோமியமே ஆனாலும், முடிவுற்ற தோலில் சிறு பகுதி அறுவிணைதிற வடிவமாக மாறக்கூடும். மிகுந்த காரத்தன்மை, சூடு, வெயில், வறண்ட காற்று, மீனெண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்புகளின் ஆக்சிசனேற்றம் ஆகியவை இம்மாற்றத்தைத் தூண்டும். இவ்வாறு மாறிய குரோமியம் வியர்வையில் கரைந்து பாதத்தை அடைகின்றது. செருப்பு வாரின் வடிவத்திலேயே பாதத்தின் மேல் புடைப்புகள் தோன்றுவது இதன் அடையாளம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல், சருமத்தில் படும் தோற்பொருட்களில் அறுவிணைதிறக் குரோமியம் ஒரு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என விதித்தது. ஆம்பூரின் காலணிகளில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குச் செல்வதால் இவ்விதி பாலாற்றங்கரை ஆலைகளையும் மாற்றியது. கொழுப்பூட்டும் எண்ணெய்களைத் தேர்ந்தெடுத்தல், தாவரப் பட்டைச் சாற்றால் மறுபதனிடல், ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் பொருட்களைச் சேர்த்தல் ஆகியவை கைக்கொள்ளப்பட்டன. சென்னை அடையாற்றில் 1948 இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் குரோமியத்தைக் குறைவாகக் கழிவில் விடும் முறைகளையும், நீரில்லாக் குரோமியப் பதனிடல் முறையையும் உருவாக்கியுள்ளது. விதி காலணியை அணிபவரின் பாதத்தை முன்னிட்டு எழுந்தது. டிரம்மிலிருந்து ஈரத் தோலை இறக்குபவரின் கை அதன் வரம்பில் இல்லை.

சட்டநிலை

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் குரோமியப் புண்ணும், வேதிப்பொருட்களால் உண்டாகும் தொழில்வழிச் சரும அழற்சியும் இடம்பெற்றன. இத்தகைய நோயாளியைக் காணும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என அச்சட்டம் விதித்தது. வீட்டிலிருந்தபடியே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் ஆம்பூர்ப் பெண்கள் தொழிற்சாலைக்குள் வேலை செய்வோராகக் கொள்ளப்படாமையால் இத்தகைய ஏற்பாடுகளுக்கு வெளியே நிற்கின்றனர்.

பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடுகளை அமைக்கவும் ஆணையிடப்பட்டது. அத்தீர்ப்பின் மையப் பொருள் ஆறும் கிணறும் விளைநிலமும் ஆகும். குரோமியத்தால் கை புண்பட்ட தொழிலாளர் இழப்பீடு கோர விரும்பினால், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட ஏற்பாடுகளின் வழியாகவோ, காப்பீடு செய்யப்பட்டிருந்தால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாகவோ செல்வது வழக்கம். இரண்டிலும் நோய் வேலையால் வந்தது என்பதை நிறுவுவது இன்றியமையாததாகும். ஒட்டுச் சோதனையின் முடிவும், எந்த வேலையை எத்தனை ஆண்டுகள் செய்தார் என்பதற்கான பதிவும் அங்கே சான்றாகின்றன.